உள்ளே இருந்தவர்கள்

இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊருக்குக் குடிபோன முதல் வாரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "இருபத்தாறு வருஷம் உள்ளே இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கிளையை வெட்டப் போய்விட்டார்.

நம் ஊரில் 'உள்ளே இருந்தவர்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்திலும் அதே அர்த்தம்தான். ராத்திரி இவரிடம் சொன்னேன். "இருபத்தாறு வருஷம்னா கொலைதான்" என்றார் இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. இரண்டு வாரம் பின்கதவை இரட்டைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தோம். அப்புறம் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் நோயாளிகள் எழுந்துவிட்டார்கள். ஸ்விண்டனில் 'உள்ளே' என்றால் ரயில்வே ஒர்க்‌ஷாப். அவளுடைய தாத்தா உள்ளே, பெரியப்பா உள்ளே, அம்மா வழியில் எல்லா ஆண்களும் உள்ளே. ஒர்க்‌ஷாப் 1986-லேயே மூடிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் நான் பொன்மலைக்காரி. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சங்குச் சத்தம் கேட்டு எழுந்து, சங்குச் சத்தம் கேட்டு அப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டி வளர்ந்தவள். இன்னொரு பொன்மலையில் வந்து இறங்கியிருக்கிறேன் என்பதே தெரியாமல், அதன் பழைய தொழிலாளி ஒருவரைக் கொலைகாரர் என்று நினைத்திருக்கிறேன்.

தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. வேலை உத்தரவு வந்ததும் லண்டனில் இருக்கும் உறவுக்காரர்களிடம் ஸ்விண்டன் என்றேன். "அங்கேயா?" என்றார்கள். பாடிங்டனில் இருந்து ஒரு மணி நேர ரயில் பயணம்தான், ஆனாலும் ஏதோ தண்டனைக்கு மாற்றல் ஆன மாதிரிப் பேசினார்கள். ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. "இங்கே எதுக்கும்மா வந்தே?" என்று என்னிடம் கேட்காத ஸ்விண்டன்காரர் குறைவு. ஆனால் நீங்கள் ஒத்துப் பாடிவிடக் கூடாது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார், நானும் மரியாதைக்கு, "ஆமாம், பார்க்க ஒன்றும் இல்லைதான்" என்றேன். பாட்டி முகம் மாறிவிட்டது. பஸ் வரும்வரை ஊரின் பெருமைகளைக் கேட்க வேண்டியதாயிற்று. வால்ட் டிஸ்னி வேர்ல்டோடு சகோதர நகரமாக இணைக்கப்பட்ட ஊர் இது என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஏதோ போட்டியில் ஜெயித்ததாம். பொய் என்று நினைத்தேன், நிஜம்.

பெயர்கூட இவர்களுக்குத் தமாஷ்தான். பழைய ஆங்கிலத்தில் பன்றிகளின் குன்று என்று பொருள். நமக்குத் திண்டுக்கல் பக்கத்தில் பன்றிமலை இருக்கிறது, யாரும் சிரிப்பதில்லை.

கார் ஓட்டக் கற்றபோதுதான் ஊர் தன் குணத்தைக் காட்டியது. இங்கே ஒரு ரவுண்டானா இருக்கிறது. ஒன்று என்று சொல்வது தப்பு. ஐந்து குட்டி ரவுண்டானாக்கள், நடுவில் ஒரு பெரியது. வெளிவட்டத்தில் வண்டிகள் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகப் போகும், உள்வட்டத்தில் அதற்கு எதிர்ப்பக்கமாக. 1972-ல் ஃப்ராங்க் பிளாக்மோர் என்ற போக்குவரத்துப் பொறியாளர் போட்ட கோலம் இது. 'மேஜிக் ரவுண்டபவுட்' என்று அழைக்கிறார்கள். பயிற்சியாளர் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியபோது முருகனைக் கூப்பிட்டேன். "முழுசையும் பார்க்காதே. உனக்கு முன்னால் இருக்கிற கோட்டை மட்டும் பார், வலது பக்கம் வண்டி வந்தால் நில், வராவிட்டால் போ" என்றார் அவர். அப்படியே செய்தேன். எந்த வழியாகப் போனேன் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் மறுபக்கம் வந்துவிட்டேன். கொத்து பரோட்டா மாதிரி கொத்திப்போட்ட சாலை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. திருச்சி பால்பண்ணை ரவுண்டானாவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதைவிடச் சுலபம்.

சரி, ஊர் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1840-ல் இங்கே ஒரு குன்றும் அதன் மேல் ஒரு சின்னச் சந்தை ஊரும்தான். கீழே வயல். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார் பொறியாளர் புருனல். எஞ்சின்களுக்குப் பொறுப்பாளர் டேனியல் கூச், அப்போது அவருக்கு 24 வயது. 1840 செப்டம்பரில் அவர் புருனலுக்கு எழுதிய கடிதத்தில்தான் ஸ்விண்டன் பிறந்தது. லண்டனில் இருந்து இதுவரை பாதை ஏறக்குறைய சமதளம். இதற்கு மேற்கே ஏற்ற இறக்கம், வேறு மாதிரி எஞ்சின் மாட்ட வேண்டும். செல்ட்டனம் போகும் கிளையும் இங்கேதான் பிரிகிறது. பக்கத்தில் கால்வாய் இருப்பதால் நிலக்கரி கொண்டுவருவது சுலபம். ஊர்க்காரர்களுக்கு இந்தக் காரணங்கள் எல்லாம் பிடிக்காது. புருனல் சாண்ட்விச்சைத் தூக்கி எறிந்தார், அது விழுந்த இடத்தில் ஒர்க்‌ஷாப் வந்தது என்பார்கள். யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுத்த கதையை நம்புகிற நமக்கு இதைக் கேட்டுச் சிரிக்க உரிமை இல்லை.

சாண்ட்விச் கதை பொய்யாக இருக்கலாம். காபிக் கதை நிஜம். ஸ்டேஷனையும் குடியிருப்பையும் கட்ட ரயில்வேயிடம் பணம் இல்லை. ஒப்பந்தக்காரர்கள் தங்கள் செலவில் கட்டித்தந்தார்கள். பதிலுக்கு ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலை அவர்கள் கைக்குப் போனது, எல்லா ரயிலும் அங்கே பத்து நிமிஷம் நின்றாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேறு வழியில்லாத வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் காபி எப்படி இருக்கும்? நான் உங்கள் காபியை மட்டம் என்று சொல்லவில்லை, இங்கே காபி என்ற ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது, வறுத்த சோளம் என்றுதான் நினைத்தேன் என்கிற தோரணையில் 1845-ல் புருனலே சிற்றுண்டிச்சாலையை நடத்தியவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷத் தொல்லையிலிருந்து விடுபட ரயில்வே கம்பெனி 1895-ல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து ஒப்பந்தத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வந்த புதிதில் இந்த ஊர்க் காபியைக் குடித்துவிட்டு நானும் அந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது ஊரிலிருந்து பொடி வருகிறது, பித்தளை ஃபில்டரும் வந்துவிட்டது.

1843 ஜனவரியில் ஒர்க்‌ஷாப் ஓட ஆரம்பித்தது. தொழிலாளிகளுக்கு ஏறக்குறைய முந்நூறு கல் வீடுகள். தெருக்களுக்கு ரயில் நிற்கும் ஊர்களின் பெயர்: லண்டன் தெரு, ரெடிங் தெரு, ஆக்ஸ்ஃபோர்டு தெரு, பிரிஸ்டல் தெரு, எக்ஸெட்டர் தெரு. வீடுகள் இன்றும் இருக்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள். வரிசையாக, ஒரே அளவாக, பின்னால் சந்தோடு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் கால் தானாக ஒரு வாசலைத் தேடும்.

ஒர்க்‌ஷாப் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். நடுவே பாதைக்கு அடியில் ஒரு சுரங்க வழி. உச்சத்தில் பதினான்காயிரம் பேர் வேலை செய்த இடம். அவர்களில் பெரும்பகுதி காலையில் தொப்பியோடும் சைக்கிளோடும் இந்த வழியாகத்தான் 'உள்ளே' போனார்கள். பித்தளை வில்லையில் நம்பர் பொறித்திருக்கும், அதைப் போட்டால்தான் வருகைப்பதிவு. சங்கு ஊதி முடித்த பிறகு வந்தால் சம்பளம் வெட்டு. இப்போது அந்தச் சுரங்க வழியில் நடந்து போனால் மறுபக்கம் தள்ளுபடிக் கடைகள் வரும். என்னைக் கேட்டால் ஊரில் பார்க்க வேண்டிய இடம் அந்த முப்பது நாற்பது தப்படிதான். பேசினால் குரல் திரும்பி வரும்.

சங்குக்கு ஒரு கிளைக்கதை. ஊருக்கு மேற்கே லிடியார்ட் மாளிகையில் இருந்த போலிங்புரோக் பிரபு, விடியற்காலையில் இந்தச் சத்தத்தால் தன் தூக்கம் கெடுகிறது என்று 1870-களில் மனுப் போட்டு சங்கின் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார். கம்பெனி பக்கத்திலேயே இன்னொரு சங்கை வைத்து, அதற்குப் புது உரிமம் வாங்கி ஊதியது. 1943-ல் பிரபுவின் மாளிகையை ஸ்விண்டன் நகராட்சியே வாங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது அவர் தோட்டத்துக்குத்தான்.

நர்ஸ் என்பதால் எனக்கு இந்த ஊரில் பிடித்தது வேறு. 1847-ல் தொழிலாளிகளின் சம்பளத்தில் வாராவாரம் சில பென்ஸ் பிடித்து ஒரு மருத்துவ நிதி தொடங்கினார்கள். அதில் டாக்டர், மருந்து, அப்புறம் தனி ஆஸ்பத்திரி, பல் வைத்தியம், நீச்சல் குளம், துருக்கிக் குளியல் என்று ஒவ்வொன்றாக வந்தது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும். தேசிய சுகாதார சேவை 1948 ஜூலையில் வருவதற்கு நூறு வருஷம் முன்பு! அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், "முழுச் சேவையும் ஸ்விண்டனில் ஏற்கெனவே இருந்தது, நாங்கள் அதை நாடு முழுக்கப் பரப்பினோம், அவ்வளவுதான்" என்று சொன்னதாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். என் சம்பளச் சீட்டில் தேசியக் காப்பீட்டுப் பிடித்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சில பென்ஸ் நினைவுக்கு வரும். பல் வைத்தியருக்காக நாங்கள் எட்டு மாதம் காத்திருந்ததும் கூடவே நினைவுக்கு வரும், அது வேறு கதை.

ஜூலையில் 'ட்ரிப்'. 1849-ல் ஐந்நூறு பேர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு நாள் போய்வந்ததில் ஆரம்பித்தது. 1914-ல் அது இருபத்தைந்தாயிரம் பேராக வளர்ந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பை மூடி, இலவச பாஸ் கொடுத்து, விடியுமுன்னே ஸ்பெஷல் ரயில்களில் ஏற்றிக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஊரே காலி. பெரும்பாலும் வேமத், அந்த ஊருக்குக் 'கடலோர ஸ்விண்டன்' என்றே பெயர். ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. திரும்பி வந்தால் கையில் காசு இருக்காது, அடுத்த சம்பளம் வரை கடனும் கஞ்சியும்தான். சம்பளத்தோடு விடுப்பு வந்தது 1930-களின் கடைசியில். வேமத்தில் வெயில் காய்ந்துவிட்டு வந்து கஞ்சி குடிப்பதில் இருக்கிற ஒரு வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

உள்ளே இருந்தவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. ஆல்ஃபிரட் வில்லியம்ஸ். பக்கத்து சௌத் மார்ஸ்டன் கிராமத்துக்காரர். உலைக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் சம்மட்டி வேலை. லத்தீனையும் கிரேக்கத்தையும் தானாகப் படித்தார். முதல் உலகப்போரில் பட்டாளத்தோடு இந்தியா வந்தவர், திரும்பிப் போய் சமஸ்கிருதமும் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் ஆக்கினார். அவரும் மனைவி மேரியும், பயன்படாமல் கிடந்த கால்வாய் மதகின் செங்கல்லைப் பெயர்த்து எடுத்து வந்து, தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வைத்த பெயர் ராணிகேத். இமயமலை ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு வில்ட்ஷயர் கிராமத்து வீடு! 1930-ல் வறுமையில்தான் இறந்தார்.

1985-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 150-வது ஆண்டு விழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. அதே வருஷம்தான் ஒர்க்‌ஷாப்பை மூடும் அறிவிப்பு. கொண்டாட்டத்தை ஊர் கைவிட்டது. 1986 மார்ச்சில் கடைசிச் சங்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைக்கு உள்ளே இருந்தார். "வழக்கத்தைவிட நீளமாக ஊதினார்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டடங்களில் இப்போது கடைகள், ஒரு ரயில்வே அருங்காட்சியகம், நாட்டின் வரலாற்று ஆவணக் காப்பகம், அலுவலகங்கள். சௌத் மார்ஸ்டனில் ஹோண்டா கார் தொழிற்சாலை வந்து பலருக்கு வேலை கொடுத்தது. 2021 ஜூலையில் அதுவும் மூடியது. ஒரே ஆயுளில் இரண்டு முறை பார்த்துவிட்டேன் என்பார் பெரியவர்.

வந்தவர்களால் ஆன ஊர் இது. முதலில் வடக்கிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் எஞ்சின் வேலைக்காரர்கள், தண்டவாளம் தயாரிக்க வேல்ஸ்காரர்கள். 1952-ல் வந்த நகர வளர்ச்சிச் சட்டத்துக்குப் பிறகு இடநெருக்கடிக்குத் தப்பி லண்டன்காரர்கள். இப்போது கோவாக்காரர்கள் ஏராளம், டவுன் பஸ்ஸில் கொங்கணி கேட்காத நாளில்லை. நாங்கள் இந்தக் க்யூவின் கடைசியில் நிற்கிறோம். குன்றின் மேல் இருந்த பழைய ஊரும் கீழே வந்த ரயில்வே ஊரும் 1900-ல்தான் ஒரே நகரமாயின. இன்றைக்கும் மேலே வீடு வாங்கியவர்கள் 'ஓல்டு டவுன்' என்று அழுத்திச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் திருச்சி என்று சொல்லாதது மாதிரி.

போன வருஷம் கோடையில் அப்பா வந்தார். முதல் நான்கு நாள் வீட்டில் டிவிதான். ஐந்தாம் நாள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே 1923-ல் இங்கேயே கட்டிய 'கேர்ஃபிலி காசில்' எஞ்சின் நிற்கிறது, அடியில் இறங்கி நடக்கப் பள்ளம் உண்டு. அப்பா அதில் இறங்கினவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் அண்ணாந்து நின்றுகொண்டு, விரல் கணுவால் எதையோ தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொடக் கூடாது என்று பலகை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. "நல்ல வேலை" என்றார். புருனல் போட்ட பாதையின் அகலம் ஏழடிக்கும் மேல் என்று படித்ததும், மீட்டர் கேஜிலேயே வாழ்ந்தவர், "ஏழடியா? அதுல வீடே கட்டலாமே" என்றார். அந்த அகலப்பாதை 1892-ல் ஒழிந்து, அதன் எஞ்சின்கள் எல்லாம் உடைக்க வந்து வரிசையில் நின்றதும் இதே ஸ்விண்டனில்தான் என்று இவர் வாசித்துச் சொன்னார்.

சாயங்காலம் வேலியோரம் பெரியவரிடம் அறிமுகப்படுத்தினேன். அப்பாவுக்குத் தொடர்ந்து ஆங்கிலம் பேச வராது, பெரியவரின் உச்சரிப்பு எனக்கே பாதிதான் புரியும். நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். தேவையே படவில்லை. ஃபிட்டர், டர்னர், லேத், பாய்லர், ரிவெட், சார்ஜ்மேன், ஃபோர்மேன். எஞ்சினை முழுசாகப் பொருத்தும் எரெக்டிங் ஷாப் எத்தனை பெரிசு என்று அப்பா கையை விரித்தார். பதினொரு ஏக்கர் என்று பெரியவர் பத்து விரலைக் காட்டி, அப்புறம் ஒரு விரலைக் காட்டினார். பித்தளை வில்லையைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா தன் நம்பரைச் சொன்னார். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மனப்பாடம்.

"பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கட்டின கடைசி ஸ்டீம் எஞ்சின், ஈவினிங் ஸ்டார், இங்கேதான் கட்டினது, 1960 மார்ச்" என்றார் பெரியவர். "நான் அதே வருஷம் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தேன். அதில் ஒரு ஆணிகூட நான் அடிக்கவில்லை." அது அவருக்குத் தீராத குறை போலிருக்கிறது.

அப்பா என்னைப் பார்த்தார். "நாங்க 2011-ல கட்டினோம்னு சொல்லும்மா."

சொன்னேன். பெரியவர் நம்பவில்லை. ஊட்டி மலை ரயிலுக்குப் பொன்மலையில் புதிதாகவே கட்டிய நீராவி எஞ்சின் அது. அப்பா தன் பழைய சகாவுக்கு வாட்ஸ்அப் போட்டு ஒரு வீடியோ வரவழைத்தார். நீல நிற எஞ்சின், பல்சக்கரம், மேட்டுப்பாளையம், விசில். பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்று முறை பார்த்தார். புகை சரியில்லையே என்றார். நிலக்கரி இல்லை, எண்ணெயில் எரிவது என்று அப்பா விளக்கினார்.

"எண்ணெயா?" பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்படியானால் அது கெட்டில்."

அப்பாவுக்கு இந்த ஒரு வார்த்தை நன்றாகவே புரிந்தது. ராத்திரி தோசையைத் தொடவில்லை. "உள்ள இருந்தவன் பேச்சப் பாரு" என்று புலம்பிக்கொண்டிருந்தார். பாவமாகிவிட்டது. நானும் இவரும் உட்கார்ந்து தேடினோம். பன்னிரண்டு மணிக்குக் கிடைத்தது: போருக்குப் பின் நிலக்கரித் தட்டுப்பாட்டில், 1945 முதல் 1947 வரை, இதே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் எஞ்சின்கள் சிலவற்றை எண்ணெயில் ஓடும்படி மாற்றியிருக்கிறது. அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

காலை ஆறரைக்குத் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. வேட்டிக்கு மேலே என்னுடைய குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் காபி டம்ளரோடு, வேலியோரம் நின்றிருந்தார் அப்பா. அந்தப் பக்கத்து வீட்டில் இன்னும் திரைகூட விலகவில்லை.